டீக்கடை மாத்திரை

என்னோடு ஒரே வார்டில் வேலை பார்த்த ஒருத்தி இப்போது ஒரு மருத்துவமனையில் நர்சிங் கண்காணிப்பாளராக இருக்கிறாள். போன மாதம் போன் செய்தாள். மூக்கு, சைனஸ் அறுவைக்கு வருகிறவர்கள் என்னென்ன மருந்து எடுக்கிறார்கள் என்று கேட்பதற்குக் கணினியில் ஒரு படிவம் வந்திருக்கிறதாம். வரிசையாகக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

"எல்லாத்துலயும் இல்லைன்னு டிக் பண்ணிட்டு ஒரு நிமிஷத்துல முடிச்சிடறாங்கக்கா. நீங்க அந்த கிரைண்டிங் கம்பெனி ஆளைப் பத்திச் சொல்லுவீங்களே, அதை எங்க பொண்ணுங்களுக்கு எழுதித் தாங்க" என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் அந்தக் கதையை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. எனக்குச் சாதகமான பாதியைத்தான் அவளிடமும் சொல்லியிருக்கிறேன். இங்கே மீதிப் பாதியையும் எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் எழுத்து தெரிந்த முதல் ஆள் நான். நசரத்பேட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்று எங்களுடையது. அப்பா லாரிகளில் சுமை ஏற்றினார். அம்மா பூந்தமல்லியில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். இருவருக்கும் கைநாட்டுதான். எங்கள் தெருவில் யாருக்கு என்ன கடிதம் வந்தாலும், எந்த ஆபீசிலிருந்து எந்தப் படிவம் வந்தாலும், பன்னிரண்டு வயதிலிருந்தே என்னிடம் எடுத்துக்கொண்டு வருவார்கள். நான் படித்துச் சொல்லும்வரை பெரியவர்கள் நின்றுகொண்டு காத்திருப்பார்கள். அந்தப் பெருமை எனக்கு உடம்பில் ஊறியது. அதற்காக இப்போதும் நான் வெட்கப்படவில்லை. அதோடு சேர்ந்து வந்த இன்னொன்றுக்காகத்தான் வெட்கப்படுகிறேன். அம்மா "ஊடு" என்றால் "வீடுன்னு சொல்லு" என்பேன். "இன்னா" என்றால் முகத்தைச் சுளிப்பேன். அவள் சிரித்துக்கொண்டே, "எல்லாம் ஒண்ணுதாண்டி, மழ பேஞ்சா ரெண்டும் ஒழுவும்" என்பாள்.

மூன்றரை வருட நர்சிங் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படுக்கை விரிப்பின் மூலையை நாற்பத்தைந்து பாகையில் மடித்தேன், மனப்பாடம் செய்தேன், தேறினேன். எண்பதுகளின் பின்பாதியில் அம்பத்தூரில் இருபது படுக்கை கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தேன். மாடியில் ஒரு அறையை எங்களுக்கு விடுதியாகக் கொடுத்திருந்தார்கள். சுற்றிலும் தொழிற்பேட்டை. லேத், கிரைண்டிங், பெயிண்டிங், முலாம் பூசுதல் என்று தூசும் புகையும் உள்ள வேலைகளிலிருந்து மூக்கடைப்போடு ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். காது மூக்கு தொண்டைக்கு வந்த டாக்டர் சுகந்திக்கு நான்தான் உதவி.

டாக்டர் சுகந்தி அப்போது நாற்பதை எட்டியிருப்பார். குள்ளமான உருவம். தியேட்டரில் ஒரு முக்காலி மேல் ஏறி நின்றுதான் அறுவை செய்வார். குரலை உயர்த்தியதே இல்லை; குரல் தாழ்ந்தால்தான் நாங்கள் பயப்படுவோம். ஒரு விஷயத்தை எந்த வார்த்தையில் முதல்முறை கேட்டாரோ அதே வார்த்தையில்தான் இரண்டாம் முறையும் கேட்பார். மூக்குக்குள் அடைக்கும் மருந்துத் துணியைக் காட்டி, "எத்தனை காஜ் உள்ளே போச்சு?" என்பார். "நாலு" என்றால் தலையாட்டிவிட்டு, மூக்கிலிருந்து எடுக்கும்போது மீண்டும், "எத்தனை காஜ் உள்ளே போச்சு?" முதலில் சொன்னதையே சொல்லவேண்டும். யோசித்தால் கையை நிறுத்திவிடுவார்.

மூக்கு அறுவையில் கத்தியைவிட மருந்துதான் அதிக நேரம் வேலை செய்யும். நடுச்சுவர் கோணலாக இருக்கிறவருக்கு அறுவை என்றால், இரண்டு வாரம் முன்பே அவர் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளும் அடைப்பு நீக்கும் சொட்டு மருந்தை நிறுத்தச் சொல்வார். அந்தச் சொட்டு, போட்ட ஐந்தாவது நிமிஷத்தில் மூக்கைத் திறந்துவிடும். நான்கு மணி நேரத்தில் முன்பைவிட மோசமாக அடைக்கும். மறுபடி போடுவார்கள். ஒரு வாரத்துக்கு மேல் போனால் மூக்கின் உட்தோல் வீங்கியே கிடக்கும். அதில் எது கோணல், எது வீக்கம் என்று டாக்டருக்கே தெரியாது. அறுவை அன்று காலையில், மரத்துப்போகும் மருந்தும் அட்ரினலினும் கலந்த கலவையில் ரிப்பன் காஜை நனைத்து, பிழிந்து, மூக்குக்குள் அடுக்கடுக்காக வைக்கவேண்டும். இருபது நிமிஷம். அட்ரினலின் இரத்தக்குழாய்களைச் சுருக்கி வைத்திருக்கும்; டாக்டருக்கு இரத்தம் இல்லாத, வெளுத்த இடம் கிடைக்கும். பிழியும் பதத்தை நான் ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டேன். சொட்டினால் தொண்டைக்குப் போய்விடும், வறண்டிருந்தால் பிடிக்காது. முடிந்ததும் இரண்டு பக்கமும் களிம்பு தடவிய காஜ் அடைப்பு, இரண்டு நாள். அதை எடுத்த பிறகு ஐந்து நாளுக்கு மட்டும் சொட்டு மருந்து, அப்புறம் உப்பும் சோடா உப்பும் கரைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் மூக்கைக் கழுவுதல். வசதி உள்ளவர்களுக்கு அப்போதுதான் வரத் தொடங்கியிருந்த, வீக்கம் குறைக்கும் ஸ்பிரே. வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. முனை கண்ணின் வெளி ஓரத்தைப் பார்க்கவேண்டும். நேராக நடுச்சுவரில் பீய்ச்சினால் அறுத்த இடம் புண்ணாகும். இதையெல்லாம் நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. அழகாகச் சொல்வேன் என்று எனக்கு ஒரு எண்ணம்.

காட்டுப்பாக்கத்திலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர் வந்தார். மாதா கோயில் பாடகர் குழுவிலும் இருந்தார். மூன்று வருடமாகச் சொட்டு மருந்து. நிறுத்தினால் மூச்சு முட்டிச் செத்துவிடுவேன் என்றார். டாக்டர் அவரோடு வாதாடவில்லை.

"வலது பக்கத்தை மட்டும் நிறுத்துங்க. இடது பக்கம் எப்பவும்போல போட்டுக்கங்க."

"பாதி செத்தாப் பரவால்லையா மேடம்?"

"பாதி உயிரு பாடறதுக்குப் போதும் சார்."

பத்து நாளில் வலது பக்கம் தானாகத் திறந்துகொண்டது. அப்புறம் இடது பக்கத்தை நிறுத்தினார். கடைசியில் அவருக்கு அறுவையே தேவைப்படவில்லை. சொட்டு மருந்தைக் கண்டுபிடித்து நிறுத்துவதுதான் பாதி வைத்தியம் என்று அன்றைக்கு நான் நோட்டில் எழுதிவைத்தேன். மற்றவர்கள் மறைப்பதைக் கண்டுபிடிக்கும் சாமர்த்தியம் எனக்கு வந்துவிட்டதாக நம்பினேன். அந்த நம்பிக்கை வந்து ஒரு வருடத்துக்குள் ஏழுமலை வந்தார்.

ஏழுமலை கள்ளிக்குப்பத்துக்காரர். நாற்பதுக்குள் வயது. தொழிற்பேட்டையில் கிரைண்டிங் மெஷினில் வேலை. இளம்வயதில் கபடியில் மூக்கு உடைந்து நடுச்சுவர் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. வாயைத் திறந்துவைத்துக்கொண்டுதான் மூச்சு விடுவார். அதனால் இரும்புத் தூசு நேராகத் தொண்டைக்குப் போகும். எப்போதும் தலைவலி. அவர் அதிகம் பேசமாட்டார். அவருக்காகப் பேசியது அவர் மனைவி கன்னியம்மா.

அறுவைக்கு எட்டு நாள் முன்பு கேஸ் ஷீட்டில் விவரங்கள் எழுதுவதற்காக இருவரும் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். அன்று கூட்டம். நர்சிங் பயிற்சிக்கு வந்திருந்த, ஆங்கிலப் பள்ளியில் படித்த இரண்டு பெண்கள் என் பின்னால் நின்று நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் ஆங்கிலக் கையெழுத்து சாய்வாக, அச்சுப்போல இருக்கும்.

"நீங்கள் தொடர்ந்து ஏதாவது மருந்து எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்டேன். அப்படியேதான் கேட்டேன், புத்தகத்தில் இருக்கிற மாதிரி. தலை நிமிரவில்லை.

"மூக்குல உடுற மருந்து உட்டாரு. அந்த டாக்டரம்மா சொன்னதும் நிறுத்திட்டாரு" என்றாள் கன்னியம்மா.

"வேறு?"

"வேற இன்னா... ஒண்ணும் இல்லம்மா. டீ குடிக்கச்சொல்ல மட்டும் தலவலிக்கு அந்த நாயர் கடையாண்ட..."

அவள் குரல் பெரியது. "இன்னா", "கடையாண்ட" என்ற வார்த்தைகள் அந்த அறை முழுக்கக் கேட்டன. பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. என் காது சூடாகிவிட்டது. அந்தப் பேச்சு என் வீட்டுப் பேச்சு. அந்தச் சிரிப்பு என்னைப் பார்த்துச் சிரித்ததுபோல இருந்தது.

"டீக்கடைக் கதையெல்லாம் வேண்டாம்மா. மருந்து உண்டா, இல்லையா?"

அவள் வாயை மூடிக்கொண்டு கணவரைப் பார்த்தாள். பிறகு, "இல்லம்மா" என்றாள்.

மருந்துகள் என்ற இடத்தில், எதுவும் இல்லை என்பதற்கு ஆங்கிலத்தில் 'நில்' என்று எழுதி, கீழே அழகாக ஒரு கோடு போட்டேன்.

டீக்கடை விஷயம் எனக்குத் தெரியாததல்ல. எங்கள் தெருவிலும் அப்படித்தான். காலையில் டீயோடு கடைக்காரரே கண்ணாடி ஜாடியிலிருந்து தலைவலி மாத்திரை ஒன்றை எடுத்து பன்னுக்குப் பக்கத்தில் வைப்பார். என் அப்பா சுமை ஏற்றப்போகும் முன்னால் ஒன்று, இறக்கி முடித்து ஒன்று. அதை யாரும் மருந்து என்று நினைப்பதில்லை. பீடி போல, வெற்றிலை போல, அது டீயோடு சேர்ந்த ஒன்று. அதில் இருப்பது ஆஸ்பிரின். ஆஸ்பிரின் இரத்தத்தை உறையவிடாமல் தாமதப்படுத்தும், அறுவைக்கு ஒரு வாரமாவது முன்பே நிறுத்தவேண்டும் என்பதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். அப்பாவின் மாத்திரையும் பரீட்சையின் ஆஸ்பிரினும் ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த மேசையில் உட்கார்ந்தபோது வீட்டிலிருந்து வந்த எதையும் நான் என்னோடு எடுத்துக்கொண்டு போகவில்லை.

அறுவை காலை எட்டு மணிக்கு. எல்லாம் நன்றாகவே நடந்தது. வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம் கசிகிறது என்று டாக்டர் ஒருமுறை சொன்னார். இரத்தம் நிற்க எவ்வளவு நேரமாகிறது என்ற சோதனையை முன்பே எடுத்திருந்தோம்; எல்லையை ஒட்டி இருந்தாலும் எல்லைக்குள்தான் இருந்தது. காஜ் வைத்து, மூக்கின் கீழ் ஒரு பஞ்சுத் துண்டைக் கட்டி, ஒன்பதரைக்கு வார்டுக்குக் கொண்டுவந்தோம். டாக்டர் வெளிநோயாளிகளைப் பார்க்கப் போனார்.

பதினொன்றரைக்குப் பஞ்சு நனைந்திருந்தது. மாற்றினேன். அரைமணியில் அதுவும் நனைந்தது. அது பெரிய விஷயமில்லை. எனக்குப் பயம் வந்தது வேறொன்றைப் பார்த்து: ஏழுமலை விழுங்கிக்கொண்டே இருந்தார். தொண்டை ஏறி இறங்கியது, நிற்கவே இல்லை. மூக்கை முன்னால் அடைத்திருந்தால் இரத்தம் பின்னால் இறங்கும். நோயாளி எச்சில் என்று நினைத்து விழுங்குவார். நாக்கை அழுத்தி டார்ச் அடித்துப் பார்த்தேன். தொண்டையின் பின்சுவரில் சிவப்பாக ஒரு கோடு வழிந்துகொண்டிருந்தது. அட்ரினலினின் வேலை முடிந்துவிட்டிருந்தது.

அவரை எழுப்பி உட்காரவைத்து, முன்னால் குனியவைத்து, தட்டைப் பிடித்தேன்.

"விழுங்காதீங்க. எல்லாத்தையும் துப்புங்க."

துப்பினார். அடுத்த நிமிஷம் வாந்தி, கறுப்பாக. நாடி நூற்றிருபது. டாக்டரை அழைத்துவர ஆள் அனுப்பினேன். கன்னியம்மா கட்டிலின் மறுபக்கம் அவர் முதுகைத் தடவிக்கொண்டே, "ஒண்ணுமில்லய்யா, ஒண்ணுமில்ல, கெட்ட ரத்தம்தான் போவுது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுபடி தியேட்டர். காஜை எடுத்ததும் டாக்டர் விளக்கைத் திருப்பி உள்ளே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு இடத்துலேருந்து வரலை. எல்லா இடத்துலேருந்தும் கசியுது. இவர் என்ன மருந்து சாப்பிடறார்?"

"கேஸ் ஷீட்ல எதுவும் இல்ல மேடம்."

"இவர் என்ன மருந்து சாப்பிடறார்?"

"எதுவும் இல்ல மேடம்."

முதலில் சொன்னதையே சொன்னேன். அப்படிச் சொல்லவேண்டும் என்றுதானே பழக்கியிருந்தார். ஆனால் இரண்டாம் முறை சொன்னபோது, பாதி வாக்கியமாக வந்த அந்த டீக்கடை என் காதில் கேட்டது.

மூக்கு வழியாக ரப்பர் குழாயை விட்டு வாயால் எடுத்து, அதில் நூல் கட்டிய காஜ் உருண்டையைப் பிணைத்து, திரும்ப இழுத்து, பின்பக்கத்தை அடைத்தார். உருண்டை அண்ணத்துக்குப் பின்னால் ஏறும்போது ஏழுமலை என் மணிக்கட்டைப் பிடித்தார். கிரைண்டிங் மெஷின் பிடித்த கை. அந்தத் தடம் நான்கு நாள் இருந்தது.

இரத்தம் தேவைப்பட்டது. கம்பெனிக்குச் சொல்லி அனுப்பியதும் கூட வேலை செய்கிறவர்கள் நான்கு பேர் சைக்கிளில் வந்து நின்றார்கள். இரண்டு பேருக்குப் பிரிவு பொருந்தியது. ஒருவர் பெரிய மீசைக்காரர். படுக்கையில் படுத்துக்கொண்டு, "எவ்ளோ வேணா எட்துக்கோ நர்சம்மா. ஊசிய மட்டும் எனக்குக் காட்டாத" என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மற்றவர், "மாமே, பொண்டாட்டி கைல அடி வாங்கச்சொல்ல மட்டும் கண்ண தொறந்துகினு கீற" என்றார்.

மாலை நான்கு மணிக்குக் கசிவு நின்றது. இரத்த அழுத்தம் ஏறத் தொடங்கியது.

டாக்டர் தியேட்டர் உடையோடு நேராக வராந்தாவுக்கு வந்தார். பெஞ்சில் கன்னியம்மாவும் அந்த நான்கு பேரும், இன்னும் ஏழெட்டு நோயாளிகளின் சொந்தக்காரர்களும் இருந்தார்கள். நான் கேஸ் ஷீட்டை மார்போடு அணைத்தபடி பின்னால் நின்றேன்.

"அவருக்கு மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா?"

கன்னியம்மா எழுந்து நின்றாள். "டீயோட போடற மாத்திரதாம்மா. தலவலிக்கு. காலைல ஒண்ணு, சாய்ந்திரம் ஒண்ணு."

"நேத்து?"

"நேத்தும் போட்டாரு. ஆபரேசன்னு பயந்துகினு நேத்து ரெண்டா போட்டாரு."

டாக்டரின் குரல் தாழ்ந்தது. தாழ்ந்தாலும் அந்த வராந்தாவில் எல்லோருக்கும் கேட்டது.

"நாங்க எட்டு நாளைக்கு முன்னாடியே கேக்கறோம். மருந்து சாப்பிடறாரான்னு கேட்டா இல்லைன்னு பொய் சொல்றீங்க. இன்னிக்கு உங்க புருஷனை நீங்களே கொன்னிருப்பீங்க, தெரியுமா?"

மீசைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பெஞ்சில் இருந்த ஒரு கிழவர், "படிக்காததுங்கள வெச்சிகினு..." என்று முணுமுணுத்தார். கன்னியம்மா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். ஒரே ஒருமுறை என்னைப் பார்த்தாள். நான் ஷீட்டைப் பார்த்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

நானும் சொல்லவில்லை.

இவ்வளவுநாள் நான் சொல்லிவந்த கதையில், டீக்கடை மாத்திரை என்று ஒரு ஆபத்து இருக்கிறது, அதை நோயாளிகள் மருந்தாக நினைப்பதில்லை, ஆகவே கவனமாகக் கேட்கவேண்டும் என்று முடியும். கேட்கிறவர்கள் தலையாட்டுவார்கள். வராந்தாவில் நான் நின்ற இடம் அந்தக் கதையில் வராது.

அன்று வார்டு பொறுப்பில் இருந்த சிஸ்டர் ரோசலினிடம் மட்டும் சொன்னேன். அவர் பத்து வருட அனுபவசாலி, நல்லவர்.

"நீ கேட்ட. அவங்க இல்லைன்னாங்க. ஷீட்ல இருக்கு. இதுல நீ எங்க வர்ற?" என்றார்.

"முழுசா சொல்ல விடலையே சிஸ்டர்."

"இங்க யாரைத்தான் முழுசா சொல்ல விடறோம்? அப்படி விட்டா சாயங்காலம் வரைக்கும் ஓபி நடக்கும். ஆளு பொழைச்சுட்டான் இல்ல? வாயை மூடிக்கிட்டு சாப்பிடு. வேலை போச்சுன்னா உங்கப்பன் மறுபடி ரெண்டு லாரி ஏத்தணும்."

அவர் சொன்னது உண்மை. என் சம்பளத்தில்தான் அப்பா பாதி வேலையைக் குறைத்திருந்தார். நான் சாப்பிட்டேன். வார்டுக்கு வந்தபோது, கன்னியம்மா ஏழுமலையின் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் கட்டில்காரரின் மாமியார் அவளுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். கன்னியம்மா, "ஆமாங்க, தப்புதாங்க" என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். அவள் செய்யாத தப்புக்கு மூன்றாவது ஆளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை ஏழு மணி ரவுண்டில் டாக்டர் ஷீட்டை வாங்கியபோது சொல்லிவிட்டேன்.

"மேடம், அந்தம்மா பொய் சொல்லலை. மாத்திரையைப் பத்திச் சொல்ல வந்தாங்க. நான்தான் நிறுத்தினேன்."

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"என்ன சொல்லி நிறுத்தின?"

"டீக்கடைக் கதையெல்லாம் வேண்டாம்மான்னு."

"என்ன சொல்லி நிறுத்தின?"

"டீக்கடைக் கதையெல்லாம் வேண்டாம்மா, மருந்து உண்டா இல்லையான்னு."

சிஸ்டர் ரோசலின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் பேனாவை மூடினார். "நான் அவங்களைப் பேசினது எங்க வெச்சு?" என்றார்.

"வராந்தாவில் மேடம்."

"அவங்களை அங்க கூட்டிட்டு வா."

கன்னியம்மா பயந்துகொண்டு வந்தாள். நேற்றைய ஆட்களில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். டாக்டர் அவளுக்கு முன்னால் நின்று, நேற்றைவிடச் சத்தமாக, "நீங்க பொய் சொல்லலைம்மா. நீங்க சொல்ல வந்தீங்க, எங்க ஆளு கேக்கலை. நேத்து உங்களைப் பேசினது என் தப்பு" என்றார். அவர் அவ்வளவு உரக்கப் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். என்னிடம் திரும்பி, "ஒரு வாரம் ஸ்டெரிலைசர் ரூம்" என்று சொல்லிவிட்டு ரவுண்டைத் தொடர்ந்தார்.

நான் கன்னியம்மாவின் பக்கத்தில் நின்றேன். "மன்னிச்சுக்கங்கக்கா. நேத்தே நீங்க சொல்லியிருக்கலாமே, நர்ஸ்தான் தடுத்துச்சுன்னு. ஏன் சொல்லலை?" என்று கேட்டேன். அவள் பெருந்தன்மையால் சும்மா இருந்தாள் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒரு பதிலைக் கேட்கவும் ஆசைப்பட்டேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உன் கைலதானே அவரு கீறாரு நர்சம்மா. ஊசி போடறது நீ, மூக்குல துணி வைக்கிறது நீ. உன்னக் காட்டிக் குட்த்துட்டு அவர எங்க தூக்கிகினு போவேன்?"

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எந்தப் பக்கம் வரும் என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள். அந்த நாள் வரை நோயாளிகள் என்னை மதிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர்கள் எழுந்து நிற்பது, குரலைத் தணிப்பது, "சரிங்கம்மா" என்பது எல்லாவற்றையும் என் படிப்புக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொண்டிருந்தேன். என் அம்மா வேலை பார்த்த வீடுகளில் அவளும் அப்படித்தான் எழுந்து நின்றாள்.

ஸ்டெரிலைசர் அறையில் ஒரு வாரம் கருவிகளை வேகவைத்துவிட்டு என் மேசைக்குத் திரும்பினேன். பெரிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த நாற்காலியை எடுத்து அவர்கள் பக்கத்தில் போட்டுக்கொண்டேன். "காலையில எழுந்ததுலேருந்து ராத்திரி படுக்கற வரைக்கும் வாயில, மூக்குல என்னென்ன போகுது?" என்று கேட்டேன். ஊரில் பேசுகிற மாதிரியே கேட்டேன். பேனாவை மூடி வைத்துக்கொண்டு கேட்டேன், எழுதுவது அப்புறம். மூக்குப்பொடி வந்தது. யூகலிப்டஸ் எண்ணெய் வந்தது. பெண்டாட்டிக்கு ஆஸ்துமாவுக்கு எழுதிக்கொடுத்ததை இவரும் பாதி போடுவது வந்தது. ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து வந்த ஒருவர், அவர்கள் பிளாக்கில் ஒரே மூக்குச் சொட்டு பாட்டில் மூன்று வீட்டுக்குப் பொது என்று சொன்னார். சிஸ்டர் ரோசலின் சொன்னதுபோல ஓபி நீண்டது. சிலருக்கு அறுவையைத் தள்ளிப்போட வேண்டிவந்தது. கம்பெனியில் கெஞ்சி லீவு வாங்கி வந்தவர்கள் என்னை வாசல்வரை திட்டிக்கொண்டே போனார்கள். திட்டட்டும் என்று இருந்தேன்.

ஏழுமலை மூன்று வாரம் கழித்து மறுசோதனைக்கு வந்தார். வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவரை முன்பு பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

"தூக்கம் எப்படிக்கா?" என்று கன்னியம்மாவிடம் கேட்டேன்.

"கொறட்டையே கெடையாது. மொத நாளு பயந்துட்டேன், மூச்சு கீதான்னு கைய வெச்சுப் பாத்தேன்."

"டீயோட மாத்திரை போடறாரா?"

"இல்லம்மா" என்றாள். மிக வேகமாக வந்தது.

அறுவைக்கு எட்டு நாள் முன்பு நான் 'நில்' எழுதிய அன்றும் இதே 'இல்லம்மா'தான். நான் ஷீட்டை எடுக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். வெளியே அடுத்த ஆள் கதவைத் தட்டினார்; இருங்கள் என்றேன். கன்னியம்மா கணவரைப் பார்த்தாள். அவர் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்தார்.

"காலைல ஒண்ணு போடறாரு" என்றாள் மெதுவாக. "சாய்ந்திரம் நிறுத்திட்டாரு. டாக்டரம்மாவாண்ட சொல்லுவியா?"

"சொல்லுவேங்க்கா. சொல்லித்தான் ஆகணும்."

"என்னத் திட்டுமா?"

"திட்டினா நான் பக்கத்துல நிக்கறேன்."

கன்னியம்மா தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அப்ப இத்தையும் எயுதிக்கோ. மூக்குல உட்றதுக்கு அஞ்சு நாளுன்னு ஒரு மருந்து குட்த்தியே, அத்த இன்னும் உட்டுகினுதான் கீறாரு. புது பாட்டிலு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினு கீறாரு."

நான் பேனாவைத் திறந்தேன். ஏழுமலை இடது கையால் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டார்.